செல் இல்லாத தடம்

...பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான், குறைத்தால் பின்னணி முழுக்கக் கறுத்துப்போகும், கூட்டினால் ஒன்றும் ஆகாது, ஆனால் கூட்டுவதற்கு எனக்கு நேரமில்லை, மணி இரண்டே முக்கால், நாலு மணிக்குக் கட்டுரை இதழுக்குப் போகிறது, என் வழிகாட்டி மேடம் இந்நேரம் கடைசித் தடவையாகக் காற்புள்ளிகளைத் திருத்திக்கொண்டிருப்பார்... ஆட்டும் மேடையில் பிளாஸ்டிக் டப்பா முன்னும் பின்னும் சாய்கிறது, உள்ளே உப்புக் கரைசல், கரைசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சவ்வு. இது முதல் கழுவல். இன்னும் இரண்டு. அதற்குப் பிறகு ஒளிவிடும் திரவத்தை ஊற்றிப் படக்கருவிக்குள் வைத்தால் நான் தேடும் புரதம் இருக்குமிடத்தில் எல்லாம் திரையில் கறுப்புக் கோடு விழும். மூன்று வருடமாகப் பார்த்துவரும் கோடு, கண்ணை மூடினாலும் தெரிகிற கோடு. சவ்வில் அடுத்தடுத்து ஐந்து தடங்கள், தடத்துக்கு ஒரு மாதிரி, இன்றைக்கு நாலு தடங்களில் அது விழ வேண்டும், ஐந்தாவதில் விழக் கூடாது. ஐந்தாவதில் செல்லே இல்லை, புரதத்தைப் பிடித்திழுக்கும் மணிகள் மட்டும். செல் இல்லாத இடத்தில் செல்லின் புரதம் எப்படி இருக்கும்? இருக்காது. இருக்காது என்று தெரிந்தால் எதற்கு யாரிடமும் சொல்லாமல், திருடி போல, ஓரத்து மேசையில் நின்று இதைச் செய்துகொண்டிருக்கிறேன்?

ஆஸ்பத்திரி அக்கா கேட்டிருக்காவிட்டால் செய்திருக்க மாட்டேன். பதினைந்து வருடம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு நாற்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர், அதனால் அந்தப் பெயர். முந்தாநாள் டீ குடிக்கும்போது கட்டுரையின் படங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார், "எல்லாம் சரிம்மா, செல் போடாம வெறும் மணிய மட்டும் ஓட்டினது எங்க? காணோமே." போட்டுடலாம்கா, என்ன இப்போ, என்றேன். "என்ன இப்போவா? காலி டியூப் ஓட்டாம ஒரு சொட்டு ரத்தத்தத் தொட்டா, எங்க பெரியம்மா காதத் திருகிக் கையில குடுத்துடும்." பெரியம்மா என்பது அவருடைய பழைய தலைமை டெக்னீசியன். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே போய்க் கை கழுவினேன், கழுவிய கையை மறுபடியும் கழுவினேன். இதில் வேடிக்கை என்னவென்றால், என் கறுப்புக் கோட்டை நம்பித்தான் அக்காவின் ஒன்றரை வருட வேலையும் நிற்கிறது. கேட்காமல் இருந்திருக்கலாம் அவர், கேட்டுவிட்டார். எனக்கு அந்தத் தைரியம் இல்லாமல் போனது ஏன்?

இரண்டாவது கழுவல். பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறேன்... எங்கள் கிருமி கதவை உடைத்துக்கொண்டு செல்லுக்குள் போவதில்லை, செல்தான் அதை விழுங்குகிறது, ஒரு பைக்குள் அடைத்து, அமிலப் பையோடு சேர்த்துக் கரைத்துவிடலாம் என்ற நினைப்பில். பெரும்பாலான கிருமிகள் அங்கேயே கரைந்துபோகும். இது கரையாது. பையின் சுவர் வழியே தன் புரதம் ஒன்றை வெளியே நீட்டி, செல்லின் சொந்தப் புரதத்தைப் பிடித்திழுத்துப் பைமேல் போர்த்திக்கொள்ளும், அமிலப் பை வந்து பார்த்துவிட்டு நம் வீட்டுச் சாமான்தான் என்று விலகிவிடும். செல்லைக் குறை சொல்ல முடியாது, மேலே தெரிவது அதன் சொந்தப் புரதம்தானே. அப்படிப் பிடிபட்ட புரதம் எது? அதைக் கண்டுபிடித்ததாகத்தான் இந்தக் கட்டுரை. ஆன்டிபாடி ஒட்டிய சின்னஞ்சிறு மணிகளைப் போட்டுக் கிருமியின் புரதத்தை இழுத்தேன், கைகோத்தபடி செல்லின் புரதமும் கூடவே வந்தது. அல்லது வந்தது என்று நினைத்தேன். ஏனென்றால் மணியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியும் சில சமயம் கழன்று வரும், கிட்டத்தட்ட அதே எடை, அதே இடம், அதே கறுப்பு. முதல் வருட மாணவர்களுக்கு இதைப் பாடமாக எடுப்பவளே நான்தான். பலகையில் இரண்டு கோடு கீறி, எது புரதம், எது தூண்டிலாப் போட்ட ஆன்டிபாடி சொல்லுங்க பாக்கலாம் என்று கேட்பேன், முழிப்பார்கள், சிரிப்பேன்.

போன் அதிர்கிறது, அம்மா. எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பாள். "உன் பூச்சி கட்டுரை போயாச்சாடி?" நாலு மணிக்கும்மா. "உன் சித்தப்பா பக்கத்துலதான் இருக்காரு. டாக்டர்னு சொல்லிக்கிறா, ஒரு ஊசி போடத் தெரியலயேன்னு கிண்டல். போயாச்சுன்னதும் சொல்லு, அவரு வாய அடைக்கணும்." சரிம்மா. "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாப்டியா?" சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை. இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது எனக்கு, வலியே இல்லாமல். ஆனால் சோதனையில் பொய் சொன்னதில்லை, ஒரு எண்ணைக்கூட மாற்றியதில்லை, அது நிச்சயம். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் மொத்தம் பத்துத் தடம். ஒவ்வொரு தடவையும் காலித் தடத்துக்கு இடம் ஒதுக்குவேன், ஒவ்வொரு தடவையும் அதைவிட அவசரமான ஒரு மாதிரி வந்துவிடும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த இடத்தை அதற்குக் கொடுத்துவிடுவேன். மறதி இல்லை இது. மறந்தவள் ஒவ்வொரு தடவையும் எப்படி ஞாபகமாக மறப்பாள்?

மூன்றாவதும் முடிந்தது. படக்கருவி இருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் குளிர்சாதனத்தின் உறுமல் மட்டும். சவ்வை ஓரத்தில் பிடித்துத் தூக்கித் தட்டில் கிடத்தி, திரவம் ஊற்றி, மூடினேன். பத்து விநாடிக்கு ஒரு படம் திரையில் வந்து விழும். முதல் படத்தில் ஒன்றுமில்லை. அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, புகை போலக் கோடுகள் எழுந்து கெட்டிப்பட்டன. ஐந்தாவது வெள்ளை. ஒரு நிமிடம், வெள்ளை. ஒன்றரை நிமிடம், வெள்ளை. இந்த இடத்தில் நிறுத்தலாம், இதுவரை எல்லாப் படத்தையும் ஒரு நிமிடத்தில்தானே நிறுத்தியிருக்கிறேன், இது பொய்யே இல்லை, கருவி எடுத்த படம்தான், தேதி, நேரம் எல்லாம் பதிவாகியிருக்கிறது... விரல் பொத்தானின் மேல் இருந்தது. கதவைத் திறந்து ஆஸ்பத்திரி அக்கா உள்ளே வந்து என் பின்னால் நின்றார். அவர் வந்ததால்தான் நிறுத்தவில்லையா? தெரியவில்லை. இரண்டாவது நிமிடத்தில் ஐந்தாவது தடத்தில் நிழல் தட்டியது. ஐந்தாவது நிமிடத்தில் எது செல் உள்ள தடம், எது செல் இல்லாத தடம் என்று யாராலும் சொல்ல முடியாது. "வந்துடுச்சா?" என்றார். வந்துடுச்சுக்கா. "சனியன், நல்லா அழுத்தமா வேற வந்திருக்கு." கொஞ்சம் கழித்து, "போச்சு என் ஒன்றரை வருஷம்," என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவர் போல. அப்புறம், "போ, போய்க் காட்டு, மணியாகுது."

மேடத்தின் அறைக்கு நாற்பது அடி இருக்கும். சொல்ல வேண்டியதை நடந்துகொண்டே அடுக்கிப் பார்த்தேன்... கட்டுரையை நிறுத்திவைக்க வேண்டும், முழுவதும் பொய் என்று ஆகிவிடவில்லை, வேறு ஆன்டிபாடி வைத்துத் திரும்பச் செய்தால் உண்மையான கோடு அதே இடத்தில் அடியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆறு மாதம் கொடுங்கள், தவறு என்னுடையது... மேடம் கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே, "இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு, இப்போ என்னம்மா?" என்றார். அச்செடுத்த தாளை மேசைமேல் வைத்தேன். தடங்களுக்குப் பெயர் எழுத நேரமிருக்கவில்லை, ஐந்து கறுப்புக் கோடுகள், வரிசையாக, அவ்வளவுதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது. "எத்தனை நிமிஷம்?" அஞ்சு மேடம். "ஒரு நிமிஷத்துல?" அப்போ வரல மேடம். வேறெதுவும் கேட்கவில்லை, கோபப்படவும் இல்லை. அடுக்கி வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன், அப்போதுதான் கவனித்தேன், ஒரே மாதிரி இருக்கும் ஐந்து கோடுகளில் கடைசிக் கோட்டின் மேல் அவருடைய விரல் இருந்தது, தாளை வைத்த கணத்திலிருந்தே அங்கேதான் இருந்தது. இது என்ன சோதனை என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.