மத்தி போன திசை

மத்தியும் சூடையும் ஒரே குடும்பத்து மீன்கள். போக்கு மட்டும் வேறு. சூடை வருடம் முழுக்கக் கரையை ஒட்டியே கிடக்கும். மத்தி மழைக்குப் பின் கரைக்கு வரும், தண்ணீர் சூடேறியதும் நடுக்கடலுக்கு விலகிவிடும். ஆராய்ச்சி நிலையத்தில் இவை இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கெடுப்பது என் வேலை. அதனால்தான் துறைமுக அலுவலகத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்.

அண்ணனின் படகு நேற்றே திரும்பியிருக்க வேண்டும். சூடைக்குப் போவதாகச் சொல்லிப் போனதால், தேடும் விமானம் கரையோரமாகவே சுற்றியது.

"சார், அவன் மத்திக்குத்தான் போயிருப்பான். நடுக்கடல்ல தேடச் சொல்லுங்க."

"தோணுதுங்கறதுக்காக விமானத்தைத் திருப்ப முடியுமாம்மா?" என்றார் அதிகாரி.

ஐஸ் ஆலைக்கு விசாரிக்கப் போயிருந்த அண்ணி மூச்சிரைக்க வந்தாள். "படகு தாழற அளவுக்கு ஐஸ் ஏத்தியிருக்காரு. காலைல பிடிச்சு மதியம் விக்கிற சூடைக்கு எதுக்கு ஐஸ்?"

"அப்புறம் ஏன் பொய் சொன்னாரு?" என்றார் அதிகாரி.

"இந்த வருஷம் மத்தி பாதிகூட இல்ல. இருக்கற இடம் தெரிஞ்சா எல்லாரும் பின்னாடியே வந்துடுவாங்கல்ல? கட்டினவகிட்டயே மூச்சு விடல, மகராசன்!"

அதிகாரி வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். "இருட்டறதுக்குள்ள விமானம் ஒரு நடைதான் போக முடியும். அங்க போனா இன்னிக்குக் கரையோரத்தை விட்டுட வேண்டியதுதான். எங்கன்னு காட்டுங்க."

வழக்கமான இடம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஆண்டு கடல் கொதிக்கிறது. மத்தி இன்னும் தள்ளிப் போயிருக்கும். எவ்வளவு தள்ளி?

"காட்டுடி. மீனைப் படிச்சவ நீதானே" என்றாள் அண்ணி.

காட்டினேன்.

சூரியன் சரிந்தபோது வயர்லெஸ் கரகரத்தது. "நீங்க சொன்ன இடந்தான். மீன் கூட்டம் தெரியுது. தண்ணியே கறுத்துக் கிடக்கு."

அண்ணி என் கையை இறுக்கினாள்.

"படகு?" என்றார் அதிகாரி.

"படகு எதுவும் இல்ல. வெளிச்சம் போகுது, திரும்பறோம்."

அண்ணி அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். "திரும்பாதீங்க! மீனை விட்டுட்டு அவரு எங்கயும் போகமாட்டாரு. இன்னொரு சுத்து பாருங்கய்யா, ஒரே ஒரு சுத்து."

அதிகாரி மைக்குக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கச் சொல்லவில்லை.