இடது புருவம்

என் முகத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்ன, இருந்தது. பினாங்கு சூலியா தெருவில் படம் பெரிதாக்கும் கடை வைத்திருந்தேன். கட்டைவிரல் அளவுப் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தால், அதைப் பார்த்துச் சுவரில் மாட்டும் அளவுக்குக் கரியால் வரைந்து தருவேன். கடைக்காரர்கள், அவர்களுடைய காலஞ்சென்ற அப்பாக்கள் என்று எத்தனையோ முகங்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. அந்த முகங்களையெல்லாம் பார்த்த பிறகும், அய்யாக்கண்ணுவாகிய என் முகமே தேவலை என்பதுதான் என் அபிப்பிராயம்.

ஒரு ஐப்பசி மாதம், அடைமழை நாளில், காலையில் எழுந்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் இடது பாதி அப்படியே தொங்கிக் கிடக்கிறது. வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் மூட மறுத்து ஓயாமல் நீர் வடித்தது. முகவாதம் என்றார் வைத்தியர். எண்ணெய் தேய்த்தேன், தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். மூன்று மாதத்தில் சாப்பிடவும் பேசவும் முடிந்தது. முகம் மட்டும் நேராகவில்லை.

அந்த நேரம் பார்த்து நவமணியின் கடிதம் வந்தது.

நவமணி என் மனைவி. கல்யாணமான மூன்றாம் மாதம் அவளைத் திருத்துறைப்பூண்டியில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன், ஐந்து வருஷம் கழித்துத்தான் அவளை வரச்சொல்லி எழுதியிருந்தேன். அது முகம் கோணுவதற்கு முன்னால் எழுதியது. அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். பெரிய பெரிய எழுத்தில் பதில் போட்டிருந்தாள்: ‘பக்கத்து ஊர்ப் பெண்ணை யாரோ புருஷன் பேரில் காகிதம் போட்டு வரவழைத்து எங்கேயோ கொண்டுபோய் விட்டார்களாம். உங்கள் படம் ஒன்று அனுப்பவும். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் என்னைக் கப்பலேற்றுவார்.’

பக்கத்துத் தேநீர்க் கடை காஜா மொய்தீனுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை.

“நாலு கடை தள்ளித்தானே போட்டோக் கடை இருக்கு. போயி ஒண்ணு புடிச்சு அனுப்புங்க அண்ணே.”

“போட்டோ இந்த மூஞ்சியத்தானே தம்பி காட்டும்?”

இந்த மூஞ்சியைப் பார்த்தால் அவள் வரமாட்டாள். எனக்கு அதுதான் பயம். ஐந்து வருஷமாக ஒற்றை அறையில் தனியாகச் சோறு பொங்கித் தின்றவனுக்கு அந்தப் பயம் சின்னது அல்ல.

கையில்தான் தொழில் இருக்கிறதே. மெல்லிய தாள் ஒன்றை எடுத்து நடுவில் கோடு போட்டேன். கண்ணாடியைப் பார்த்து என் நல்ல பாதியை, வலது பாதியை மட்டும் வரைந்தேன். கோட்டில் மடித்து நகத்தால் தேய்த்தேன். பிரித்தபோது மறுபாதியும் வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு கண், ஒரே அளவு கன்னம். அதை நல்ல தாளுக்கு மாற்றி, மூக்கின் ஓரத்திலும் தாடைக்குக் கீழேயும் நிழல் கொடுத்தேன். மாப்பிள்ளை மாதிரி இருந்தேன். வந்து இறங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம், கடலைத் தாண்டித் திரும்பியா போகப்போகிறாள் என்று கேவலமாகக் கணக்குப் போட்டு அனுப்பிவைத்தேன்.

ஐந்து வாரத்தில் படமே திரும்பி வந்துவிட்டது. அதன் பின்பக்கத்தில் நவமணி எழுதியிருந்தாள்: ‘இது யார்? இடது புருவத்தில் வெட்டு இல்லையே. அவர் இப்படிச் சிரிக்கவும் மாட்டார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் யாராவது எழுதவும்.’

அந்த ‘யாராவது’ என்ற சொல்லைப் படித்துவிட்டு அன்று முழுவதும் நான் கடை திறக்கவில்லை.

கல்யாணத்தன்று குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு எங்கள் இருவரையும் எடுக்கச் சொன்னார்கள். நான் குனிந்து எட்டிப் பார்த்தேன். மோதிரத்தோடு வேகமாகக் கையை வெளியே இழுத்தவளின் வளையல் உடைந்து என் இடது புருவத்தைக் கிழித்தது. பந்தலே சிரித்தது, அவள் மட்டும் அழுதாள். அந்த இடத்தில் அப்புறம் முடி முளைக்கவே இல்லை. கெட்ட பாதி என்று நான் தள்ளிவிட்டதில் அதுவும் போயிருந்தது. இழுத்துக்கொண்ட வாயின் ஓரத்தை இரண்டு பக்கமும் வைத்ததில், எவனோ ஒருவன் அந்தப் படத்தில் இளித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் கண்ணாடியை ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்தேன். முகம் கோணிய பிறகு அன்றுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒன்று மட்டும் ஆச்சரியம். கெட்ட பக்கத்தில் அதிக நிழல் இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. நெற்றிச் சுருக்கமும் கன்னத்து மடிப்பும் வலது பக்கத்தில்தான் இருந்தன. இடது கன்னம் குழந்தையின் கன்னம் போல வழவழவென்று கிடந்தது. மடிப்பு இல்லாத இடத்தில் நிழல் எங்கே விழும்? தாளை ஏறக்குறைய வெறுமையாகவே விட்டு, தொங்கிய இமைக்குக் கீழே மட்டும் மெல்லக் கரியைத் தடவினேன். கடைசியாகப் புருவத்தின் வெட்டை வரைந்தேன். கண்ணாடியைப் பார்த்து வரைந்தால் இடம் வலமாகிவிடும் என்பதால், தாளைப் புரட்டித் தேய்த்துத்தான் நல்ல படம் எடுத்தேன்.

காஜா மொய்தீன் அதை ரொம்ப நேரம் பார்த்தான். “கொஞ்சம் நேராப் போட்டிருக்கலாமே அண்ணே?”

“அதத்தான் முன்னாடியே போட்டுப் பாத்தாச்சே,” என்றேன்.

படத்தின் கீழே ஒரே வரி எழுதினேன்: ‘இப்போது நான் இப்படித்தான் இருக்கிறேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.’

எட்டு வாரம் பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் தெரிந்தாலே உள்ளே போய்விடுவேன். பிறகு ஒரு கார்டு வந்தது. கப்பலின் பெயரும் தேதியும் இருந்தன. முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கப்பலில் வந்தவர்களை தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க ஜெரஜா தீவில் ஒரு வாரம் தடுத்துவைத்து, அதன் பிறகுதான் படகில் கரைக்கு அனுப்பினார்கள். நான் துறைமுகத்தில் துண்டைத் தலையில் போட்டு இடது முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில் வலது பக்கத்தைக் காட்டி நின்றேன். தகரப்பெட்டியோடு இறங்கியவள் கையில் என் படம் இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றாள்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க.”

திரும்பினேன். துண்டை விலக்கிவிட்டுப் புருவத்து வெட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“இத எதுக்கு மறைக்கிறீங்க? இதப் பாத்துத்தானே கப்பலேறுனேன்,” என்றாள்.

என் இடது கண்ணில் எப்போதும் நீர் வடியும். அன்றைக்கு வலது கண்ணும் சேர்ந்துகொண்டது.