திருப்பி வைக்க வேண்டிய குங்குமம்

இந்தச் சங்கராந்திக்குக் கணவனை இழந்தவர்களையும் அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுப்பேன் என்று வைஜயந்தி பட்வர்தன் அறிவித்ததும் புணேயிலிருந்த பாதிச் சொந்தம் முகம் சுளித்தது. கல்லூரியில் பெண்ணுரிமைப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். சுளிக்கட்டும் என்றாள்.

முதல் அழைப்பு அவள் வீட்டு மாடிக்கே போனது. அங்கே உஜ்வலா கெய்க்வாட் மகளோடு வாடகைக்குக் குடியிருந்தாள். புருஷன் போனபின் செருப்புத் தேய அலைந்து பிடித்த வீடு அது. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. காலி பண்ணச் சொன்னால் போக்கிடம் கிடையாது. குங்குமத்தில் நம்பிக்கை இல்லாதவள் அதனால்தான் படியிறங்கி வந்தாள்.

வைஜயந்தி அவள் நெற்றியில் குங்குமம் வைத்தாள். கூடம் கைதட்டியது. கையில் எள்ளுருண்டை வந்தது.

"எள்ளுருண்டை வாங்கிக்கோ, இனிக்க இனிக்கப் பேசு," என்று சங்கராந்திக்கு எல்லாரும் சொல்லும் வாழ்த்தை வைஜயந்தி சொன்னாள்.

சோபாவிலிருந்த வைஜயந்தியின் அத்தை கேட்டாள். "கெய்க்வாட்னா எந்தக் கெய்க்வாட்மா?"

"மராட்டாதான் அத்தை, வேற யாரு? நல்ல குடும்பம்," என்று வைஜயந்தியே முந்திக்கொண்டாள்.

இந்தப் பெயர் மராட்டாக்களிலும் உண்டு, தலித்துகளிலும் உண்டு. வீடு பார்க்க வந்த அன்று யாரும் கேட்கவில்லை, உஜ்வலாவும் சொல்லவில்லை. இப்போதும் வாயை மூடிக்கொண்டால் வீடு தங்கும்.

குங்குமம் வாங்கியவள் கொடுத்தவளுக்குத் திருப்பி வைக்க வேண்டும். உஜ்வலா சிமிழில் விரலைத் தொட்டாள். வைஜயந்தி சிரித்தபடி நெற்றியை நீட்டினாள். பொய்யோடு இந்த நெற்றியைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.

"அக்கா, நாங்க மராட்டா இல்ல. மகார். தாத்தா காலத்துல பௌத்தத்துக்கு மாறினோம்."

நெற்றி பின்னால் போனது. கொஞ்சம்தான். ஆனால் கூடம் முழுக்கப் பார்த்தது.

"அதுக்கென்னம்மா, நான் அதெல்லாம் பாக்கறவளா?" வைஜயந்தி சிமிழைத் தன் பக்கம் இழுத்தாள். "குடு, நானே வெச்சுக்கறேன். பொண்ணு பரீட்சை முடியட்டும், வீட்டு விஷயம் அப்புறம் தனியா பேசிக்கலாம்."

விதவையை வாசல் தாண்டி உள்ளே விட்ட தைரியம் இவ்வளவுதான். உஜ்வலாவுக்குக் கோபத்தில் காது சுட்டது, பயமும் போகவில்லை. எள்ளுருண்டையைக் கடித்தாள். அத்தைக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். விரலில் குங்குமம் அப்படியே இருந்தது.

"தனியா எதுக்குக்கா? இனிக்க இனிக்கப் பேசச் சொன்னீங்களே. எல்லாரும் இருக்காங்க, இங்கயே பேசுங்க."