தஞ்சாவூர் மரகதம்

மருதாம்பாளிடம் என்ன திறமையைக் கண்டு உளவு வேலைக்குத் தேர்ந்தெடுத்தார்களோ, அவளுக்கே விளங்கவில்லை. பூனை குறுக்கே ஓடினாலும் ஊரைக் கூட்டுகிறவள் அவள்.

நாற்பத்திரண்டாம் வருஷம். சண்டையால் கப்பல் வராமல் குன்னூர்க் கிடங்குகளில் தேயிலைப் பெட்டிகள் தேங்கிக் கிடந்தன. விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த அவள் புருஷன் ஆறுக்குட்டிக்குப் பாதிச் சம்பளத்தைத் தேயிலைத் தூளாகவே கொடுத்தார்கள். அதை விற்கப் போனவளைக் கண்டால் தெருவே கதவைச் சாத்தியது. யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒருத்தியைத்தான் காங்கிரஸ்காரர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். தன் துணிச்சலை மெச்சித்தான் கூப்பிட்டார்கள் என்று அவள் கொஞ்ச நாள் நம்பினாள், பாவம்.

தூள் டப்பாவின் அடியில் துண்டுப் பிரசுரங்களை வைத்து, ஊட்டி காந்தலில் தலைமறைவாக இருந்த பொன்னுத்துரை வாத்தியாரிடம் சேர்க்க வேண்டும். யாராவது கேட்டால் பெயர் மரகதம், ஊர் தஞ்சாவூர், இந்த மலையில் சொந்தபந்தம் கிடையாது. இதைக் கண்ணாடி முன்னால் நின்று அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

ஊட்டி ஸ்டேஷனில் ஒரு இளவயதுக் கான்ஸ்டபிள் வழிமறித்தான். “ஏனுங்க, எந்த ஊருங்க?”

கொங்கு நாட்டுக்காரியிடம் அந்தத் தொனியில் கேட்டால் பொய் எங்கிருந்து வரும்? “காங்கேயம் பக்கமுங்க” என்றாள். எந்தத் தோட்டம், யார் மகள், குன்னூரில் எந்த வீடு என்று பேச்சு வளர்ந்தது. கடைசியில் அவன் அப்பா இவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஆனது. பையன் பெயர் நாச்சிமுத்து.

“அட, நம்ம அத்தைங்களா! அத்தை தூளு விக்கறப்ப நான் வாங்காம உடுவனா?” என்று டப்பாவைப் பிரியமாக வாங்கிக்கொண்டு போய்விட்டான். அண்ணன் மகன் ஆசையாய்க் கேட்டதைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை. போலீஸ்காரன் வீட்டுக்கே பிரசுரம் கொண்டுபோய்ச் சேர்த்த உளவாளி உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று ரயிலில் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நாச்சிமுத்து டப்பாவோடு வாசலில் நின்றான்.

“அடியில இருந்ததை அடுப்புல போட்டுட்டனுங்க அத்தை” என்றான் மெதுவாக. “இன்னிக்குச் சாயங்காலம் காந்தல்ல சோதனைங்க. அந்தப் பக்கம் வந்துராதீங்க.”

அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பியதும் அடுத்த ரயிலைப் பிடித்துக் காந்தலுக்கு ஓடினாள். அவள் சொன்னதைக் கேட்டு, சோதனைக்கு முன்பே வாத்தியார் பிக்கட்டி கிராமத்துப் பக்கம் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் சில்வஸ்டர் நாச்சிமுத்துவை இழுத்துக்கொண்டு அதே வாசலுக்கு வந்தார். சோதனை விஷயம் கசிந்தது எப்படி என்று அவர் துருவியபோது, அன்று காலை அவன் இந்த வீட்டுப்படி ஏறியதை யாரோ சொல்லியிருந்தார்கள். உறவு என்று தெரிந்தால் அவனுக்கு ஜெயில் நிச்சயம். பையனின் உதடு வெளுத்திருந்தது.

“இவன் உனக்குச் சொந்தமா?” என்றார் சில்வஸ்டர்.

“இவரா? தூளு மட்டம்னு டப்பாவைத் திருப்பிக் குடுத்து, என்ற மானத்தை வாங்கிட்டுப் போனாருங்க. எனக்குத் தஞ்சாவூருங்க. இந்த மலையில நாதியில்லைங்க.”

தஞ்சாவூர்க்காரி எவளாவது இத்தனை ‘ங்க’ போடுவாளா? நல்லவேளை, மதராஸில் வளர்ந்த சில்வஸ்டருக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. தேயிலை விற்ற விலைக்கு, தூள் மட்டம் என்பதை நம்பாமல் இருக்கவும் அவருக்குக் காரணமில்லை. சலித்துக்கொண்டு படியிறங்கினார்.

நாச்சிமுத்து ஒரு கணம் தயங்கினான். வாசலுக்கு வந்த சொந்தத்தை வாங்க என்றுகூடச் சொல்லாமல் அனுப்புவது அவள் குடும்பத்தில் சாவுப் பகைக்கு மட்டுமே நடக்கிற காரியம். மருதாம்பாள் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

சாத்திய கதவில் சாய்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பின்னால் அடுப்பில், தெருவில் அவன் வருவதைக் கண்டதுமே அவள் கை தானாக வைத்துவிட்ட காபித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.