ஒரு பாவாவுக்கு ஒரு பம்ப்

முரளிதரனின் பைக்கில், டேங்குக்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப் செத்துப்போனது. கம்பெனி அந்தப் பம்ப் செய்வதையே நிறுத்திவிட்டது. வண்டி ஓடாவிட்டால் அவன் தறிச் சேலைகள் திருத்தணிக் கடைகளுக்குப் போகாது. அதே மாடல் பைக் இன்னொன்று அக்காள் புருஷன் மணவாளன் வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. இருவரும் சண்டை போட்டால் மலைமேல் முருகனே காதைப் பொத்திக்கொள்வார்.

“வாய் நெறய பாவான்னு கூப்புடு, கழட்டிக்கோ,” என்றான் மணவாளன், தெருவே கேட்க. பாவா என்றால் தெலுங்கில் அத்தான்.

முரளிதரன் பல்லைக் கடித்த சத்தம் ஆந்திரா வரை கேட்டது. “பாவா!”

முரளிதரன் தள்ளிவந்த வண்டியில், தெரு மெக்கானிக் அங்கேயே பம்பை மாற்றினார். சாவியைத் திருப்பினால் மூச்சே இல்லை.

“அது எப்பவோ செத்துப்போச்சு மச்சான்,” என்று இளித்தான் மணவாளன். “இன்னொரு தபா கூப்புடேன், ஓடுதா பாக்கலாம்.”