தூக்கத்தை எதில் சேர்ப்பது

செங்கல்பட்டு பேருந்து நிலையத்து டீக்கடையில் அமானுல்லாவுக்கு வலது பக்கமாக வந்து நின்றுகொண்டார் லட்சுமணன். இடது காதில் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரிதான். பீரங்கிப் படையில் இருந்தபோது பக்கத்திலேயே குண்டு வெடித்து அந்தக் காது போயிற்று. சும்மாவும் போகவில்லை, ஓயாத ஒரு ரீங்காரத்தை உள்ளே குடிவைத்துவிட்டுப் போயிற்று.

“பாய், போன வாட்டி பென்ஷன் மனுவ இன்னாத்துக்குத் திருப்பி அனுப்சாங்க? தூக்கம் இல்லன்னு காதுலயும் எழுதினோம், மனசுலயும் எழுதினோம். ஒரே தொந்தரவ ரெண்டு எடத்துல வெக்கக் கூடாதாம். காதுக்குத்தான் ஏற்கெனவே ஊனப் பென்ஷன் கீதே. தூக்கத்த மனசுக்கு மட்டும் வுட்ரு. பட்டாளத்துலேர்ந்தே தூக்கம் இல்லன்னு சொல்லு, போதும்.”

லட்சுமணனும் பட்டாளத்துக்காரர். இந்த மாதிரி சிக்கல் யாருக்கு வந்தாலும் சொந்த வேலையை விட்டுவிட்டு அலைகிறவர். அமானுல்லா தலையாட்டினார். அதே வெடியில்தான் பக்கத்தில் நின்ற சிநேகிதன் தர்மராஜ் செத்தான். அன்றைக்குக் கெட்டது காது மட்டுமில்லை, மனசும்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால் அவன் சாவுக்கும் ஒரு மதிப்பு இருக்கும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பென்ஷனுக்கான மருத்துவ முகாமில் இருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. மேசையைச் சுற்றிவந்து வலது பக்கமே உட்கார்ந்தார். “தூக்கம் எப்பலேர்ந்து இல்லீங்க ஐயா?”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. பட்டாளத்திலிருந்தே என்றால் மனைவி பதருன்னிசா எங்கே போவாள்? பகலில் எரிந்து விழுகிற அந்த மனுஷி, படுத்ததும் அவருடைய வலது பக்கம் வந்துவிடுவாள். மீன்காரி ஏமாற்றியது, பக்கத்து வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனது என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அதில் பாதி ஏற்கெனவே சொன்னதுதான். அந்தப் பேச்சுக்கு அடியில் ரீங்காரம் அடங்கும், தர்மராஜும் அடங்குவான். அவர் குறட்டை விட ஆரம்பித்த பிறகுதான் அவள் வாயை மூடுவாள்.

“நடுவுல ரொம்ப வருசம் நல்லாத் தூங்கினேம்மா. பொஞ்சாதி மௌத்தானதுலேர்ந்துதான் இல்ல.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. “இப்படிச் சொன்னா மனசுல சேர்க்க முடியாதே ஐயா.”

“தெரியும்மா.”

“காதுலயும் சேர்க்க முடியாது. அப்புறம் எதுலதான் வைக்கிறது?”

தர்மராஜைக் கைவிட்டுவிட்டோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

வெளியே காத்திருந்த லட்சுமணன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு வார்த்த பாய்! ஒரே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” பிறகு அமானுல்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரைப் புதுப்பட்டினம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

எப்போதும் போல இடது பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார் அமானுல்லா. கூட்டம் ஏறியது. பை நிறையக் காய்கறியோடு வந்த ஒருவர் பக்கத்து சீட்டைக் காட்டினார்.

“பெரியவரே, இங்க ஆள் வர்றாங்களா?”

“வர்றாங்க.”

கேட்டவர் பின்னால் நகர்ந்து போனார். பஸ் கிளம்பித் திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியது. அமானுல்லா காலி சீட்டின் பக்கமாக வலது காதைச் சற்றே சாய்த்துக்கொண்டு கண்களை மூடினார்.