போளிக்கு ஒரு மாத்திரை

கடம்பூர் இசக்கியம்மாள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று காரில் ஏறும்போதே சொல்லிவிட்டேன். பெண் பார்க்கப் போகிற வீட்டில், சம்மதம் என்றால்தான் எங்கள் பக்கத்தில் ஒரு வாய் சாப்பிடுவோம். பிடிக்கவில்லையா, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்படி எழுந்து வருவதற்குத்தான் நான் கிளம்பினேன்.

"நீங்களும் அங்கன ஒண்ணையும் தொடப்பிடாது, சொல்லிட்டேன்" என்றேன் என் வீட்டுக்காரரிடம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்து ஊரையே வேலை வாங்குகிற தங்கசாமி, "சரி சொர்ணம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனுஷன் ஒரே பேச்சில் சரி சொன்னால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குப் பார்த்து எனக்கு அது உறைக்கவில்லை.

கட்டினால் முத்துசெல்வியைத்தான் கட்டுவேன் என்று என் மகன் மாதவன் ஒற்றைக்காலில் நின்றான். பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள், லட்சணமான பிள்ளை. என் ஆத்திரமெல்லாம் அவளைப் பெற்றவள் மேல்தான். என் தங்கச்சி கல்யாணத்தில் அத்தனை பொம்பளைகள் நடுவில், "மைனி, போன வருசத்துச் சேலைய இஸ்திரி போட்டு உடுத்தியிருக்கியளோ?" என்று கேட்டவள் இந்த இசக்கி. மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து அவள் இருக்கிற பக்கம் நான் திரும்புவதில்லை.

அவர்கள் வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு தட்டு நிறையப் போளி, நெய் மணக்க மணக்க. இசக்கியின் வீட்டுக்காரர் அய்யாத்துரை, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். யார் யாருக்கு என்ன முறை, ஜாதகம், மண்டபம் என்று அளந்துகொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் போளியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். நான் கண்ணை உருட்டுவேன்.

திடீரென்று என் வீட்டுக்காரர், "நிறுத்துமய்யா!" என்று கத்தினார். "சும்மா தொணதொணன்னு! பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாரு? இங்கன எதுக்கு என்னயக் கூட்டிட்டு வந்திய?"

அய்யாத்துரைக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கோ உள்ளுக்குள் ஒரே கும்மாளம். வீட்டில் வாயே திறக்காத மனுஷன் கடைசியில் நம் பக்கம் வந்துவிட்டாரே, எழுந்து கிளம்ப வேண்டியதுதான் என்று சேலையைச் சரிசெய்தேன். அப்போதுதான் அவருடைய சட்டையைப் பார்த்தேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது, மனுஷனுக்குச் சட்டை தொப்பலாக நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை வெடவெடவென்று ஆடியது. அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை சாப்பிடுகிறவர் இப்படி வேர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் வேணுகோபால் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"என்ன செஞ்சிய? மறைக்காமச் சொல்லுங்க!"

"போளி திங்கணும்லா... அதுக்கு ஒரு மாத்திரை சேத்துப் போட்டேன்" என்றார் குழறலாக. "மத்தியானம் சாப்பிடல. வயித்துல எடம் வேணும்லா."

அட பாவி மனுஷா! காலையில் சாப்பாட்டோடு ஒன்று, ராத்திரி சாப்பாட்டோடு ஒன்று என்றுதான் டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். இவர் போளிக்கென்று தனியாக ஒன்றைக் கணக்குப் போட்டு விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். நானோ போளியைத் தொடவிடாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏட்டி இசக்கி! சீனியத் தண்ணியில கலக்கிக் கொண்டா, ஓடு!"

இத்தனை வருஷம் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் ஏன், எதற்கு என்று நிற்கவில்லை. செம்பு நிறையக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். முத்துசெல்வி அவரை நிமிர்த்தித் தாங்கிக்கொண்டாள். விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து, நான் மடக்கு மடக்காகக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. என்னைப் பார்த்தார்.

"நான் ஒண்ணையும் தொடல, சொர்ணம்" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சரி, தப்பித்தோம், சீனித்தண்ணீர்தானே, மருந்து மாதிரி, இதைக் கை நனைத்த கணக்கில் சேர்க்க முடியாது, கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். எதற்கும் கேட்டுவிடுவோமே என்று அவர்கள் வீட்டு ஃபோனிலிருந்தே டாக்டரைக் கூப்பிட்டேன். மனுஷர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"போளிக்குன்னு தனி மாத்திரை உண்டாம்மா? நான் எழுதுனதுக்கு மேல ஒண்ணுகூடப் போடக்கூடாது. மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிட்டாகணும். இப்ப தெளிஞ்சிருந்தாலும் அந்த மாத்திரை உள்ள வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும், மறுபடியும் சர்க்கரை எறங்கும். அங்கேயே சோறு குடுத்துட்டு நேரா என்கிட்ட கூட்டிட்டு வாங்க. ராத்திரி மாத்திரைய நான் பார்க்காமக் குடுக்காதீங்க."

"வார வழியில ஹோட்டல்ல..."

"வழியில மயங்கி விழுந்தா என்னம்மா செய்வீங்க?"

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இசக்கி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். இந்த வீட்டில் சோறு கேட்டால் மகனை இவளுக்குக் கொடுத்தேன் என்று ஆகிவிடும். கேட்காமல் போனால் இவரை வழியில் பறிகொடுப்பேன்.

"அவியளுக்கு ஒரு எலை போடு, இசக்கி" என்றேன்.

சோறும் பருப்புக் குழம்பும் முட்டைக்கோஸ் பொரியலும் வைத்தாள். இவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நடுவில் ஒருதரம் போளித் தட்டுப் பக்கம் கண் போனது. நான் பார்த்த பார்வையில் கண் இலைக்கே திரும்பிவிட்டது.

அய்யாத்துரை வாயெல்லாம் பல்லாக, "அப்ப சம்பந்தி கை நனைச்சாச்சு! தேதி குறிச்சிர வேண்டியதுதான்" என்றார்.

"செத்த சும்மா இருக்கியளா?" என்று இசக்கி அவர் மேல் எரிந்து விழுந்தாள். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள். "மைனி, இது அண்ணாச்சி உடம்புக்காகச் சாப்பிட்ட சோறு. இதச் சம்மதம்னு நாங்க பிடிச்சுக்கிட மாட்டோம். வெளியிலயும் ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க முதல்ல அவியள டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. செல்வி விசயம், உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாம்."

சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. மகள் வாழ்க்கை கைக்கு எட்டியிருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளாமல் என் கையிலேயே திருப்பித் தருகிறாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. வாசலில் காரைத் திருப்பி நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினேன். இவர் மோருக்காக இலையில் சோற்றைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"அவிய முடிக்கதுக்குள்ள எனக்கும் ஒரு எலை போடு, இசக்கி" என்றேன். "எனக்குச் சுகர் கிடையாது."

இசக்கி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஏட்டி செல்வி, உங்க அத்தைக்கு எலை எடுத்துட்டு வா!"